தண்ணீர் லோரி வழக்கும் இடிந்த கேட்டும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் வழக்கறிஞர்களான உங்களுக்கு அரசாங்க வேலை வழக்குகளைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி உங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்பதை நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்திருப்பீர்கள். மனு எப்படிப் போடுவது, எத்தனை பிரதி எடுப்பது என்பதையெல்லாம் கோப்பும் கணக்கும் பார்க்கும் உங்கள் கிராணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்குத்தான் சரியாகத் தெரியும். நான் ஒரே ஒரு வழக்கைச் சொல்கிறேன். அதில் நான் செய்த மடத்தனத்தையும் சேர்த்தே சொல்கிறேன். இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் சிரிப்பு வந்து கையெழுத்து கோணிக்கொள்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே எனக்கு அலுவலகம். என் அப்பா ரயில்வேயில் கிராணி. நான் பிறந்தது அங்கிருந்து நாலு தெரு தள்ளியிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸில். அதனால் அந்த வட்டாரத்தில் யாருக்கு என்ன வழக்கு வந்தாலும், "நம்ம ரயில்வே பாப்பாகிட்ட போங்க" என்று என்னிடம் அனுப்பிவிடுவார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. சொந்தப் பலகை மாட்டி மூன்று வருடம். அறையில் நானும் தட்டச்சு செய்யும் மேரி அக்காவும் மட்டும்தான். மேரி அக்காவுக்கு என்னைவிட இருபது வயது அதிகம், பேச்சு பாதி, வேகம் இரட்டிப்பு.

ஒரு வியாழக்கிழமை மதியம், மீன் குழம்பு வாசனையோடு சேர்ந்து படியேறி வந்தார் திலகவதி. முப்பத்தாறு வயது, நல்ல உயரம், இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்து. ஜெஞ்சாரோமில் வீடு. கிள்ளான் பக்கம் தண்ணீர் விநியோகம் செய்யும் ஒரு பொது வாரியத்தில் வேலை. வாரியத்தின் பெயர் நமக்கு வேண்டாம்.

"மிஸ், ஒரு லெட்டர் வந்திருக்கு. படிச்சா சிரிப்பு வருது, கொஞ்ச நேரம் கழிச்சி அழுகை வருது. எது சரின்னு நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

அவர் கதையை முதலில் கேளுங்கள். பந்திங் பக்கத்துத் தோட்டமொன்றில் டிராக்டர் ஓட்டிப் பழகியவர். கனரக வாகன லைசென்ஸ் வைத்திருந்தார். வாரியத்தில் பொதுத் தொழிலாளியாகச் சேர்ந்தார். ஒரு சமயம் ஓட்டுநர் பற்றாக்குறை வந்தது. குழாயில் தண்ணீர் நின்றுபோன இடங்களுக்குப் போகும் தண்ணீர் லோரியை ஓட்ட ஆளில்லை. "தற்காலிகமாக நீ ஓட்டு" என்று ஒரு கடிதம் கொடுத்தார்கள். அந்தத் தற்காலிகம் நான்கு வருடம் நீண்டது. பிறகு நிரந்தர ஓட்டுநர் பதவி ஒன்று காலியானது. திலகா விண்ணப்பித்தார். மணியம் என்ற ஓர் உதவியாளரும் விண்ணப்பித்தார். அந்த மணியத்துக்கு லோரி ஓட்டக் கற்றுக்கொடுத்ததே திலகாதான். பதவி மணியத்துக்குப் போனது.

ஏன் என்று கேட்டு திலகா எழுதியிருக்கிறார். கிளை மேலாளர், பாவம், ஒளிவுமறைவு தெரியாத மனிதர், மலாயில் இரண்டே வரியில் பதில் எழுதிவிட்டார்: டிப்போவில் பெண்களுக்குத் தண்டாஸ், அதாவது கழிப்பறை வசதி, இல்லாத காரணத்தால் தங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க இயலவில்லை.

நான் அதை இரண்டு தரம் படித்தேன். மூன்றாம் தரம் வாய்விட்டுப் படித்தேன்.

"நாலு வருஷமா அங்கதானே வேலை செய்றீங்க? அப்ப எங்க போனீங்க?"

"எதுத்தாப்புல கோப்பிக் கடை இருக்கு மிஸ். அந்தச் சீன ஆன்டி சாவியே குடுத்து வச்சிருக்காங்க." சாவிக்கொத்தைத் தூக்கி, ஒரு சின்னப் பித்தளைச் சாவியைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்.

அவ்வளவுதான். நான் மேசையைத் தட்டிச் சிரித்த சிரிப்பில் மேரி அக்கா ஓடி வந்துவிட்டார். கடிதத்தை அவரிடம் காட்டினேன். அவரும் சிரித்தார். திலகாவும் சிரித்தார். மூன்று பெண்கள், ஒரு தண்டாஸ் கடிதம். பொது அமைப்பு ஒன்று தான் செய்த அநியாயத்தைத் தானே எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்தும் போட்டு அனுப்பி வைப்பது நம் தொழிலில் எத்தனை தடவை நடக்கும்? எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் தவறு நடந்தது.

இப்படிப்பட்ட முடிவை ரத்து செய்யும்படி உயர் நீதிமன்றத்தைக் கேட்பதற்கு ஆறு வாரக் கெடு என்பது உங்களுக்குத் தெரியும். திலகா வந்தபோது ஐந்து வாரமும் இரண்டு நாளும் போய்விட்டிருந்தன. "ஏன் இவ்வளவு லேட்டு?" என்று கேட்டதற்கு, "யோசிச்சேன் மிஸ். சிரிக்கறதா அழறதான்னு முடிவாகல" என்றார். மிச்சமிருந்த ஐந்து நாளில் இரண்டு நாள் வார இறுதி. நான் எழுத ஆரம்பித்தேன். பேனா பறந்தது. திலகாவின் பெயரில் தயாரித்த பிரமாணப் பத்திரத்தின் ஒன்பதாவது பத்தியில், அந்த வேகத்திலேயே, 'இந்த நான்கு ஆண்டுகளில் என்மீது எந்தப் புகாரும் எழுந்ததில்லை' என்று எழுதினேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. அந்த இடத்தில் அந்த வாக்கியம் அழகாக உட்கார்ந்தது, எழுதிவிட்டேன். திங்கட்கிழமை திலகாவுக்குத் தமிழில் வேகவேகமாகப் படித்துச் சொன்னேன். அவர் தலையாட்டினார். கையெழுத்தாயிற்று. கெடுவுக்கு ஒரு நாள் முன்னால் மனு பதிவானது. மேரி அக்காவும் நானும் கீழே போய் ஆளுக்கு ஒரு மீன் தலை வாங்கிச் சாப்பிட்டோம்.

எட்டு நாள் கழித்து முன் அனுமதி விசாரணை. அந்தக் கட்டத்தில் எதிர்த்தரப்பு வராது. நாமும் நீதிபதியும் மட்டும்தான். இந்த மனுவை விசாரிக்கலாமா, கூடாதா என்று அவர் முடிவு செய்வார். மணிக்கூண்டு வைத்த அந்தப் பழைய நீதிமன்றக் கட்டடத்தின் நடையில், நீதிபதியின் அறைக்கு வெளியே காத்திருந்தோம். திலகா பச்சைப் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி இருந்தார். எங்கள் பெயரைக் கூப்பிடப் பத்து நிமிடம் இருக்கும்.

"மிஸ், ஒண்ணு கேக்கணும். அந்தக் கேட் விஷயத்த அவங்க எடுப்பாங்களா?"

"எந்தக் கேட்?"

"டிப்போ கேட்டுதான். போன வருஷம் ரிவர்ஸ் எடுக்கறப்ப தட்டிட்டேன். கேட் கீழ விழுந்திருச்சி. காவலுக்கு நிக்கற ஜாகா குடிசையும் லேசா நசுங்கிருச்சி. உள்ள ஆளு இல்ல, நல்ல வேளை. எச்சரிக்கை லெட்டர் ஒண்ணு குடுத்தாங்க. இந்தா, கொண்டாந்திருக்கேன்" என்று கைப்பையைத் திறந்தார்.

கடிதத்தைப் பார்த்தேன். முத்திரை, தேதி, எல்லாம் ஒழுங்காக இருந்தன. என் கோப்பைத் திறந்து ஒன்பதாவது பத்தியைப் புரட்டினேன்.

"திலகா, புகாரே இல்லன்னு அன்னிக்குப் படிச்சேனே! தலையாட்டினீங்களே!"

"கேட் புகார் குடுக்கலயே மிஸ்" என்றார், ரொம்ப நியாயமாக. அவருக்குப் புகார் என்றால் ஊர் ஜனங்கள் கொடுப்பது. டிப்போவுக்குள் நடந்தது வீட்டு விஷயம். தப்பு அவர்மேல் இல்லை. கேள்வியைக் கேட்க வேண்டியவள் நான். அந்தத் தண்டாஸ் கடிதத்தோடு காதலில் விழுந்து, 'இதைத் தவிர வேறு கடிதம் ஏதாவது இருக்கிறதா' என்ற ஒரே கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டேன். ஒரு வழக்கு உங்களைச் சந்தோஷத்தில் மேசையைத் தட்ட வைத்தால், அன்றைக்கே அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள். கஷ்டமான வழக்கில் நாம் தானாகவே எல்லாவற்றையும் குடைந்து கேட்போம். இனிக்கிற வழக்கில்தான் வாயடைத்துப்போகிறோம்.

பத்து நிமிடத்தில் என் மனம் எங்கெல்லாமோ ஓடியது. மனுவைத் திரும்பப் பெற்றுத் திருத்திப் போடலாமா? கெடு தாண்டி ஒரு வாரம் ஆகிவிட்டது. பேசாமல் இருந்துவிடலாமா? எதிர்த்தரப்பு அங்கே இல்லை. அன்று காலை அதைச் சொல்ல அந்தக் கட்டடத்தில் வேறு யாருமே இல்லை. இப்போதைக்கு அனுமதி வாங்கிக்கொண்டு பிறகு மெதுவாகச் சரிசெய்யலாம் என்று ஒரு குரல் எனக்குள் கிசுகிசுத்தது. அந்தக் குரல் கேட்பதற்கு மிகவும் புத்திசாலித்தனமாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் எதிரில் யாரும் இல்லாத அறையில், எதிர்த்தரப்பு சொல்லியிருக்கக் கூடியதையும் நாமே சொல்ல வேண்டும் என்பதுதானே அந்த நடைமுறையின் உயிர். நியாயம் கிடைக்கவில்லை என்று முறையிட வந்தவள், அந்த அறையிலேயே நியாயமில்லாமல் நடந்தால் எப்படி?

"மிஸ், மூஞ்சி வெளுத்துப்போச்சே. தண்ணி குடிங்க" என்றார் திலகா.

பெயரைக் கூப்பிட்டார்கள். அந்த நீதிபதி அதிகம் பேசாதவர். பேசாமல் பார்த்தே மூத்த வழக்கறிஞர்களை உட்கார வைத்துவிடுவார். அவர் தாள்களைப் புரட்டத் தொடங்குமுன் நான் சொல்லிவிட்டேன். இல்லாவிட்டால் தைரியம் ஓடிப்போயிருக்கும்.

"மை லார்ட், ஒன்பதாவது பத்தி தவறானது. அதை எழுதியது நான். என் கட்சிக்காரர் மறைக்கவில்லை, நான் கேட்கவில்லை. உண்மை எனக்குத் தெரிந்து பத்து நிமிடம்தான் ஆகிறது."

"எவ்வளவு பெரிய தவறு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஒரு கேட் அளவு, மை லார்ட்."

சத்தியமாக நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வாயில் வந்தது அதுதான். கடிதத்தை நீட்டினேன். அவர் அதைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"அந்தக் கேட் இப்போது நிற்கிறதா?"

நான் திலகாவைப் பார்த்தேன். அவர் பக்கவாட்டில் கையைச் சாய்த்துக் காட்டினார். "நிற்கிறது, மை லார்ட். கொஞ்சம் சாய்ந்து."

நீதிபதியின் உதட்டோரம் அசைந்ததா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. ஆனால் அனுமதி கொடுத்தார். ஒரு நிபந்தனையோடு: திருத்திய பிரமாணப் பத்திரமும் அந்த எச்சரிக்கைக் கடிதமும் அன்று நாலு மணிக்குள் பதிவாக வேண்டும். இல்லையென்றால் அனுமதி இல்லை.

வெளியே வந்தபோது மணி பன்னிரண்டரை. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கோலாலம்பூரில் மழை பெய்தால் டாக்சிகள் எங்கே மறைகின்றன என்பது எனக்கு இன்றுவரை புரியாத மர்மம். நான் கறுப்புக் கோட்டோடு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"லோரி இருக்கு மிஸ்" என்றார் திலகா.

"என்ன லோரி?"

"அத்தானோட வாழைப்பழ லோரி. அதுலதான் வந்தேன். ஆத்தோரமா நிப்பாட்டியிருக்கேன். ஏறுங்க."

பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறினார். எனக்கு ஏறத் தெரியவில்லை. கையைப் பிடித்து இழுத்துப் போட்டார். பின்னால் ஜெஞ்சாரோம் வாழைத்தார்கள். சாலையில் முழங்கால் தண்ணீர். கார்கள் எல்லாம் நடுரோட்டில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நிற்க, எங்கள் லோரி கப்பல் மாதிரிப் போனது. எனக்குப் பயம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. அவர் கண்ணாடியைப் பார்த்து, கியரை மாற்றி, ஓரமாக ஒதுங்கி நின்ற மோட்டார் சைக்கிள்காரர்மேல் ஒரு துளி தெறிக்காமல் வேகத்தைக் குறைத்துத் தாண்டினார். பிரிக்பீல்ட்ஸ் வந்ததும் எங்கள் கடைக்குப் பின்னாலிருந்த சந்தில், இரண்டு பக்கமும் கார் நிற்க, அந்த லோரியை ஒரே மூச்சில் பின்னோக்கி விட்டார். இரண்டு பக்கமும் உள்ளங்கை அளவுதான் இடம். வாரியத்தார் யாராவது அதைப் பார்த்திருந்தால் நமக்கு வழக்கே தேவைப்பட்டிருக்காது.

மேலே ஓடினால் கரண்ட் இல்லை! மின்சாரத் தட்டச்சுப் பொறி செத்துக் கிடந்தது. மேரி அக்கா இலையில் கை வைத்தபடி எங்களை ஏற இறங்கப் பார்த்தார். இரண்டு பேரும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தோம், திலகாவின் தலையில் பூ தொங்கிக்கொண்டிருந்தது.

"கல்யாணம் நின்னு போச்சா?" என்றார்.

விஷயத்தைச் சொன்னதும் கையைக் கழுவிவிட்டு அலமாரிக்கு மேலிருந்த பழைய கைத்தட்டச்சுப் பொறியை இறக்கினார். சன்னல் வெளிச்சத்தில் அடித்தார். நான் சொல்லச் சொல்ல அந்தப் பொறி குதிரை மாதிரி ஓடியது.

மணி இரண்டே முக்கால். பக்கத்துப் படிக்கட்டில் சத்தியப் பிரமாண ஆணையர். அவர் முன்னால் நான் பத்திரத்தைத் திலகாவுக்குப் படித்துச் சொல்ல வேண்டும். கடிகாரம் என் கழுத்தைப் பிடித்தது. வேகமாகப் படித்துவிடலாம் என்று நாக்கு துடித்தது. ஆனால் வேகமாகப் படித்த புண்ணியத்தில்தானே வாழைப்பழ லோரியில் வந்திருக்கிறேன்! ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, "இது சரியா? உங்க வாயால சொல்லுங்க" என்று கேட்டேன்.

"தப்பு மிஸ். வலது பக்கக் கேட் இல்ல, இடது பக்கம்."

திருத்தினேன்.

"ஜாகா குடிசை முழுசா நசுங்கல. கூரை மட்டும்."

அதையும் திருத்தினேன். ஆணையர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை வேடிக்கை பார்த்தார். நேரமில்லாதபோதுதான் மெதுவாகப் படிக்க வேண்டும், பிள்ளைகளே. அந்த இருபது நிமிடத்தை நான் செலவழிக்காமல் விட்டிருந்தால் இரண்டாவது பத்திரத்தையும் திருத்த மூன்றாவது போட்டிருப்பேன்.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பதிவகத்துச் சன்னலில் பத்திரத்தை நீட்டினோம். முத்திரை விழுந்தது. திலகாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்குத் தெரியாமல் ஒரு சீப்பு வாழைப்பழத்தைப் புடவைத் தலைப்பில் மறைத்துக் கொண்டுவந்திருந்தார். அதை எடுத்துச் சன்னல் வழியாகப் பதிவக ஊழியரிடம் நீட்டினார்.

"வேண்டாம்!" என்று நான் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்ற நாலு வழக்கறிஞர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீதிமன்ற ஊழியருக்கு வாழைப்பழம் கொடுத்த வழக்கில் ஆஜராக எனக்கு அன்று தெம்பில்லை. அந்தச் சீப்பைப் படிக்கட்டில் உட்கார்ந்து நாங்கள் இருவருமே தின்று தீர்த்தோம்.

சில வாரம் கழித்து வாரியத்தின் பதில் பிரமாணப் பத்திரம் வந்தது. அதில் மேலாளர் புதுக்கதை ஒன்று சொல்லியிருந்தார். தண்டாஸ் ஒரு காரணம்தானாம். உண்மையான காரணம், திலகா கேட்டை இடித்து எச்சரிக்கை வாங்கியவர், அதனால் தகுதியில்லை என்பது. அதைக் காட்ட டிப்போவின் விபத்துப் பதிவேட்டிலிருந்து ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்து இணைத்திருந்தார்கள். எங்கள் தலையில் போடுவதற்காக எடுத்து வைத்த குண்டு. ஆனால் அந்தக் குண்டை நாங்களே முன்கூட்டி நீதிபதியின் மேசையில் வைத்துவிட்டோமே! அது புஸ் என்று போயிற்று.

அதைவிடப் பெரிய விஷயம், அவர்கள் முழுப் பக்கத்தையும் பிரதி எடுத்திருந்தார்கள். திலகாவின் வரிக்குக் கீழே இன்னும் இரண்டு வரிகள். ஓட்டியவர்: மணியம். இடம்: டிப்போ கேட். நடவடிக்கை: வாய்மொழி அறிவுரை. அடுத்த வரி: மணியம், டிப்போ கேட், வாய்மொழி அறிவுரை. ஒரே கேட்டை அவர் இரண்டு தடவை இடித்திருந்தார். கடிதம் கிடையாது. பதவி மட்டும் உண்டு.

இந்தத் தடவை நான் மேசையைத் தட்டவில்லை. தட்டக் கையைத் தூக்கினேன், உண்மைதான். மேரி அக்கா அந்தப் பக்கமாகப் பார்த்துச் சிரித்தார். கையை இறக்கிவிட்டு, கோப்பிக் கடை ஆன்டியின் போனுக்கு அடித்துத் திலகாவைக் கூப்பிட்டேன்.

"திலகா, மணியம் கேட்டை இடிச்சாரா? நடந்தத அப்படியே சொல்லுங்க."

"முத தடவ நான்தான் மிஸ் பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுத்துக்கிட்டு இருந்தேன். ரெண்டாவது தடவ அவரே போட்டாரு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மிஸ், அவர் நல்ல மனுஷன் லா. இப்பதான் ரெண்டாவது பிள்ள பொறந்திருக்கு. எனக்கு வேல கெடைக்கணும், ஆனா அவரப் பத்திக் கெட்டதா எழுதி அவர் வேலையே போயிரக் கூடாது. அப்படின்னா எனக்குக் கேஸே வேணாம்."

மணியம் திறமையில்லாதவர், இரண்டு தடவை இடித்தவர், திலகாவிடம் கற்றுக்கொண்டவர் என்று ஒரு பக்கம் முழுக்க மனத்துக்குள் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தேன். அதெல்லாம் போயிற்று. அன்று மாலை வேறு விதமாக எழுதினேன். மணியம் கேட்டை இடித்தது குற்றம் என்று சொல்லவில்லை. கேட்டை இடித்த ஆணுக்கு அறிவுரையும், இடித்த பெண்ணுக்கு எச்சரிக்கையும் ஏன் என்று மட்டும் கேட்டேன். எழுதி முடித்துப் பார்த்தால், மணியத்தைத் திட்டி எழுதியிருக்கக் கூடியதைவிட அது கூர்மையாக இருந்தது. எதிரியின் பெயர் மணியம் இல்லை என்பதை நான் கண்டுபிடிக்கவில்லை, என் கட்சிக்காரர் சொல்லிக்கொடுத்தார்.

விசாரணை நாள். அப்போது நம் அரசியல் சாசனத்தில் பாகுபாடு கூடாது என்று சொல்லும் உட்பிரிவில் மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் எல்லாம் இருந்தன; ஆண் பெண் என்ற சொல் இல்லை. அது பல வருடம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. ஆகவே சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்ற பொதுவான வரியை வைத்து நான் நாற்பது பக்க வாதம் தயாரித்திருந்தேன். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தும் விட்டேன். சரித்திரம் என்னைக் கூப்பிடுகிறது என்ற நினைப்பு!

வாரியத்தின் வழக்கறிஞர் மரியாதையான மனிதர். பெண் ஊழியரின் நலனைக் கருதித்தான் வாரியம் அப்படி முடிவு செய்தது என்றார். நீதிபதி கேட்டார்: "நான்கு ஆண்டுகள் அதே டிப்போவில் அதே வேலையைச் செய்தாரே, அப்போது அவர் நலனை யார் கருதினார்கள்?"

வழக்கறிஞர் தாளைப் புரட்டினார். எனக்குப் பின்னால், பார்வையாளர் வரிசையில் திலகாவின் சாவிக்கொத்து குலுங்கியது. எழுந்து நின்று கோப்பிக் கடைச் சாவியைக் காட்டப் போகிறார் என்று புரிந்து, திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி 'உட்காருங்கள்' என்று ஆட்டினேன்.

"கடிதத்தில் ஒரு காரணம். பிரமாணப் பத்திரத்தில் வேறொரு காரணம். வாரியத்தின் காரணம் எது?"

"இரண்டும், மை லார்ட்."

"கேட் காரணம் என்றால், இந்தப் பக்கத்தில் அடுத்த இரண்டு வரிகள் என்ன?"

வழக்கறிஞர் அந்த வரிகளை அப்போதுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். அவர் காது சிவந்ததை நான் பார்த்தேன். நீதிபதி என் பக்கம் திரும்பினார். "நீங்கள் ஏதாவது சேர்க்க விரும்புகிறீர்களா?"

நாற்பது பக்கம் என் கையில் இருந்தது. பேச வேண்டும் போல் ஆசை, தாங்க முடியாத ஆசை. ஆனால் அவர் முகத்தில் முடிவு ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது. நான் பேசினால் அதைக் கிளப்பிவிட மட்டும்தான் முடியும்.

"விண்ணப்பித்த இருவரும் ஒரே அளவுகோலால் அளக்கப்படவில்லை, மை லார்ட். என் கட்சிக்காரர் கேட்பது பதவியை அல்ல, அதே அளவுகோலை. அவ்வளவுதான்." உட்கார்ந்துவிட்டேன்.

என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கடினமான காரியம் அந்த உட்கார்தல். நாற்பது பக்கத்தில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை.

முடிவு ரத்தானது. வாரியம் இருவரையும் மறுபடி, நேர்மையாகப் பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவு. வெளியே வந்து கட்டிப்பிடித்துக் குதித்தேன். திலகா குதிக்கவில்லை.

"அப்ப வேல குடுக்கலயா மிஸ்?"

"கோர்ட்டு வேலை குடுக்காது திலகா. திரும்பவும் ஒழுங்கா பாருங்கன்னு சொல்லும்."

"அவங்க திரும்பவும் இல்லன்னு சொன்னா?"

நீங்களும் ஒருநாள் அந்தக் கேள்வியின் முன்னால் நிற்பீர்கள். வெற்றி பெற்ற அன்றைக்கே அது வரும். மழுப்பாதீர்கள். "சொல்லலாம். ஆனா இந்தத் தடவ பொய்க் காரணம் சொல்ல முடியாது" என்றேன். அவர் யோசித்து, "சரி, போதும். மத்தத லோரிய ஓட்டிக் காட்டிக்கிறேன்" என்றார்.

ஓட்டிக் காட்டினார். டிப்போ முற்றத்தில், தலைமையகத்திலிருந்து வந்த மூன்று அதிகாரிகள் முன்னால், தண்ணீர் நிரம்பிய லோரியோடு தேர்வு. கோப்பிக் கடை ஆன்டி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டோரம் போட்டு உட்கார்ந்தாராம். திலகாவுக்குப் பதவி கிடைத்தது. மணியம் மறுபடியும் உதவியாளராகி, அதே லோரியில் அவர் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று. இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். பிறகு ஒரு பழைய ஓட்டுநர் ஓய்வு பெற, மணியத்துக்கும் சொந்த லோரி வந்தது. பேச்சும் வந்தது. பெண்களுக்கான தண்டாஸும் கட்டினார்கள். ஆனால் திலகா கோப்பிக் கடைக்குத்தான் தொடர்ந்து போனார், ஆன்டி கோபித்துக்கொள்வார் என்று.

அதற்கு மறுவருடம் நான் கிள்ளானில் வீடு வாங்கிக் குடிபோயிருந்தேன். ஒரு வாரம் எங்கள் தாமான் குடியிருப்பில் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒரு மாலை நீதிமன்றத்திலிருந்து திரும்பினால் தெருமுனையில் தண்ணீர் லோரி நின்றது. அக்கம்பக்கத்தார் எல்லாம் வாளி, குடம், குழந்தை குளிக்கும் தொட்டி என்று தூக்கிக்கொண்டு நின்றார்கள். லோரிமேல் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றது திலகா!

எனக்கு வந்த உற்சாகத்தைக் கேட்காதீர்கள். வீட்டுக்குள் ஓடி இரண்டு வாளியை எடுத்துக்கொண்டு, கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல், "திலகா!" என்று கூவியபடி நேராக முன்னால் போய் நின்று வாளியை நீட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. குழாயை ஒரு கையில் மாற்றிப் பிடித்துக்கொண்டு மறுகையை எனக்கு ஆட்டினார்.

"மிஸ்! நல்லாருக்கீங்களா? ரொம்ப நாளாச்சி லா!" என்றார். பிறகு அதே சிரிப்போடு விரலை நீட்டித் தெருவின் அந்தக் கோடியைக் காட்டினார். "வரிசை அங்கேருந்து வருது மிஸ்."

தெருவே சிரித்தது. காலி வாளிகள் இரண்டையும் தூக்கிக்கொண்டு பதினேழு பேருக்குப் பின்னால் போய் நின்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த நீதிமன்றத்திலும் தோற்றதில்லை.